நிறைந்தே இருந்த கிண்ணம்

சான் ஹுவான் திருநாள் முடிந்த மறுநாளே குளிர்காற்று வந்துவிட்டது. ஜூன் மாதம் வருஷம் தவறாமல் வருவதுதான். அது வீசும் மூன்று நாளும் அமேசான் கரை இக்கித்தோஸ்காரர்கள் நாங்கள் எல்லோரும் பெட்டிக்கு அடியில் கிடக்கும் கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஏதோ பனிமலையில் பிறந்து வளர்ந்தவர்கள் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டு திரிவோம். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. மீனுக்கு அப்படியில்லை. தண்ணீர் சட்டென்று சில்லிட்டால் ரவையைத் தூவிவிட்டது போல உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்டுவிடும்.

ஆற்று மீனை வாங்கித் தொட்டியில் வைத்து, அலங்கார மீனாக வெளிநாட்டுக்கு அனுப்பும் இடத்தை மீன் வீடு என்போம்; நான் வேலை பார்த்த முதலாளி தோன் அர்னுல்போவின் மீன் வீட்டில் அந்த வருஷம் முதலில் மாட்டியவை ஷிருயிகள். ஷிருயி கட்டைவிரல் நீளம்கூட வராது. மீசை வைத்த சின்ன மீன், தரையோடு தரையாகக் கிடந்து மீசையால் மணலைத் துழாவித் தின்னும். முதுகில் ஓடு மாதிரி தகடு இருக்கிறதே தவிர, வயிறெல்லாம் வெறும் தோல். அறுநூறு ஷிருயிகளை மேலாற்றில் நாற்பது நாள் கிடந்து பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அடுத்த வாரம் விமானத்தில் ஏற வேண்டியவை. எல்லாம் ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்றில் கிடந்தன.

தண்ணீர்ப் பொறுப்பு என்னுடையது. எதெல்வினா முராயாரி என்றால் இந்த ஊர் மீன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் தண்ணீரில் கை நனைத்தவள், கொஞ்சம் வாய் நீளம். வெள்ளைப் புள்ளிக்குக் கடையில் விற்கும் கலர் மருந்து ஆற்றில் பிடித்த மீனுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் உப்புதான் போடுவோம். அதிலும் ஷிருயிக்குப் போடுவது குழந்தைக்கு மருந்து கொடுப்பது மாதிரி, பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஐந்நூறு லிட்டருக்கு அரைக் கிலோ, அதுவும் ஒரே நாளில் இல்லை. முதல் நாள் கால் கிலோ பிடிக்கும் கிண்ணம் ஒன்று, மறுநாள் இன்னொன்று, அத்தோடு சரி. உப்பைக் கல்லாக அள்ளிப் போடவே கூடாது. தரையில் கிடக்கும் மீன், மீசையில் உப்புக்கல் பட்டாலே வெந்துவிடும். வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, காற்றுக் குழாய் குமிழி விடும் மூலையில் மெல்ல ஊற்ற வேண்டும். தகரக் கூரை வெக்கையில் தொட்டித் தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீரைத்தான் விட்டு நிரப்ப வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், போட்ட உப்பு தொட்டியிலேயே உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊரில் உப்பைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டோம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆகாமல் போய்விடும் என்பார்கள். அதனால் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். ஐந்து மணிக்கு நான் வந்ததும் உப்பை அளந்து கிண்ணத்தில் போட்டுத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, பொட்டலம் கட்டும் அறைக்குப் போய்விடுவேன். ஆறு மணிக்குத் தொட்டி வேலை பார்க்கும் லிந்தேர் வருவார். கிண்ணம் நிறைந்திருந்தால் கரைத்து ஊற்ற வேண்டும், காலியாக இருந்தால் அன்றைக்கு உப்பு கிடையாது. பேச்சே தேவைப்படாத ஏற்பாடு. அதில் எனக்குப் பெருமை வேறு.

லிந்தேர் தாமானி என் கொம்பாத்ரே. அவர் மகள் மிலுஸ்காவுக்கு நான்தான் ஞானத்தாய். அதற்கு முன்னால் அவரை வாடா போடா என்றுதான் பேசிக்கொண்டிருந்தேன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். குழந்தையின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த நாளிலிருந்து இருவருக்கும் 'நீங்க'தான். கொம்பாத்ரே, கொமாத்ரே என்று ஆகிவிட்டால் சண்டை போடக்கூடாது, ஒருவர் குறையை இன்னொருவர் ஊர் முன்னால் எடுத்துச் சொல்லக்கூடாது. கூடப் பிறந்தவர்களோடு மல்லுக்கட்டலாம், இந்த உறவில் அது முடியாது.

திங்கள் ஒரு கிண்ணம், செவ்வாய் ஒரு கிண்ணம் வைத்தேன். புதன் முதல் எனக்குத் தலைக்கு மேல் வேலை. வேறு மூன்று சரக்குகள் ஒரே வாரத்தில் கிளம்பின. பிளாஸ்டிக் பையில் மீனை விடு, காற்றை அடை, ரப்பரைச் சுற்று, பெட்டியில் அடுக்கு என்று நிமிர நேரமில்லை. ஷிருயித் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லிந்தேர் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் பொட்டல அறை வாசலில் வந்து நின்றார்.

"கொமாத்ரே, இன்னைக்கும் கிண்ணம்..."

காற்று உருளை சீறிக்கொண்டிருந்தது. என் கையில் அப்போதுதான் ஒரு பை ஓட்டையாகி, முழங்கை வரை தண்ணீர்.

"கிண்ணத்துக்கு என்ன? நிறைஞ்சிருந்தா ஊத்துங்க, காலியா இருந்தா விடுங்க. அதான சட்டம்? எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்க, கொம்பாத்ரே?" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இதை அன்றைக்கே மறந்துபோனேன். கோபத்தில் சொன்னதை மறந்துவிடுவது எனக்கு வழக்கம், கேட்டவர்களுக்குத்தான் மறக்காது.

ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை வந்ததும் தொட்டிக்குப் போனேன். தரையில் கிடக்க வேண்டிய மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நூறுக்கு மேல் செத்து மிதந்தன, மீதி பக்கவாட்டில் சாய்ந்து சுற்றின. உடம்பெல்லாம் கோழை. விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். ஷிருயித் தொட்டித் தண்ணீர் நாக்கில் கரிக்கவே கூடாது. இதுவோ யாரோ உப்பை அள்ளிக் கொட்டிவிட்டுப் போன சூப்பு மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த உப்பு மூட்டையைப் பார்த்தேன், இருக்க வேண்டியதைவிட நன்றாகக் குறைந்திருந்தது.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஆறு மணிக்கு லிந்தேர் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டக்கூட விடவில்லை.

"தினமும் உப்பு போட்டியா நீ?"

'நீ' என்று சொன்னது எனக்கே கேட்டது. நிறுத்தவில்லை.

"போட்டேன், கொமாத்ரே," என்றார்.

"ஆறு கிண்ணமா?"

"ஆறு."

"ரெண்டுக்கு மேல இதுக்குத் தாங்காதுன்னு உனக்குத் தெரியாதா? உன் தலைக்குள்ள என்ன, மரவள்ளி மாவா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் வேலைக்காரர்கள் எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தோன் அர்னுல்போவும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் இரண்டு மீன்பிடிகாரர்கள் வேறு, புதுச் சரக்கோடு நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"போன வருஷம் ஒரு தட்டு மீன் இவன் கையில போச்சு. இப்போ இது. இவன் கை உப்பேறின கை!"

எங்கள் ஊரில் இது சும்மா சொல்கிற வசவு இல்லை. வேண்டாதவர் வீட்டு வாசலில் மந்திரித்த உப்பைத் தூவிவிட்டுப் போவார்கள். தெரியாமல் மிதித்தவன் தொட்டதெல்லாம் அதற்குப் பிறகு விளங்காது. வலை காலியாகும், படகு கவிழும். மீன் தொழிலில் ஒருவனுக்குக் கைராசி போய்விட்டது என்று ஒருமுறை பேச்சு கிளம்பினால், எந்த மீன் வீடும் அவனைத் தொட்டிப் பக்கம் சேர்க்காது. லிந்தேருக்கு மீனைத் தவிர வேறு தொழில் தெரியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சொல்லிவிட்டுத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கக் குனிந்தேன். உப்புத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீர் விட்டால் போதும் என்றிருந்தது. லிந்தேர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம், கொமாத்ரே. ஒரேயடியா மாத்துனா மிச்சமும் போயிடும். ஆறு நாளா ஏறுன உப்பு, மெதுவாத்தான் எறங்கணும்."

எனக்குத் தெரியாததா? நான் அவருக்குக் கற்றுக்கொடுத்ததுதான். மீனின் உடம்பு உப்புக்குப் பழகிவிட்டால், திடீரென்று உப்பில்லாத தண்ணீர் பட்டதும் ஊறி வீங்கிச் செத்துவிடும். கோபத்தில் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது, ஏச்சு வாங்கியவருக்கு மறக்கவில்லை. மெல்லிய குழாய் ஒன்றை எடுத்து, நுனியில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் விழவிட்டார். இன்னொரு குழாயில் அதே அளவு வெளியே போனது. பகல் முழுக்கத் தொட்டி பக்கத்திலேயே குந்தியிருந்து, செத்ததைப் பொறுக்கி, நாக்கில் தொட்டுப் பார்த்து, முடிச்சைக் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி... சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். நானூற்றுப் பத்து மீன் பிழைத்துத் தரைக்கு இறங்கி, மீசையால் மணலைத் துழாவ ஆரம்பித்தன.

அது முடிந்த பிறகுதான் தோன் அர்னுல்போ அவரைக் கூப்பிட்டார்.

"லிந்தேரு, மீன் போனதுக்கில்லடா. ஆத்துல மீனா இல்ல? ஆனா புடிக்கிறவனுங்க காதுல விழுந்துருச்சு. உன் கை இருக்குற வீட்டுக்கு நாங்க மீன் கொண்டாற மாட்டோம்கிறானுங்க. நான் என்னடா பண்ண? கல்லைப் புடிச்சு விமானத்துல ஏத்தவா?"

லிந்தேர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து, "வர்றேன், கொமாத்ரே," என்றார். என் பக்கம்தான் நியாயம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த பத்து நாளில் அவர் ஊரிலுள்ள எல்லா மீன் வீட்டுக்கும் போய்வந்தார் என்று கேள்விப்பட்டேன். ஒரு வீட்டில் வாசலைத் தாண்டவே விடவில்லையாம். அவர் மனைவி சொராய்தா தெருமுனையில் ஹுவானே விற்பவள். இலையில் மடித்து வேகவைத்த அவளுடைய சோற்றுக்கு ஒரு காலத்தில் வரிசை நிற்கும். இப்போது பாதிக் கூடை மிச்சமாகித் திரும்புகிறது, அந்தக் கை இருக்கும் வீட்டுச் சோறு எதற்கு என்று ஒதுங்குகிறார்கள் என்றார்கள். இருந்தாலும் ஆறு கிண்ணம் போட்டது அவர்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவர் இடத்துக்கு மிர்த்தா என்று ஒருத்தி வந்தாள். முப்பது வயது, யாருக்கும் பயப்படாத பேச்சு. வெள்ளைப் புள்ளி வேறொரு தொட்டிக்கும் பரவியிருந்ததால் மறுபடியும் உப்பு வைத்தியம். இரண்டு நாள், இரண்டு கிண்ணம். மூன்றாம் நாள் அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள்.

"என்ன தோன்யா எதெல்வினா, இன்னைக்கும் உப்பா? ரெண்டோட முடிஞ்சுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா, முடிஞ்சுது. யாரு உப்பு வச்சா?"

"யாரா? உங்க கையைப் பாருங்க."

பார்த்தேன். வலது கையில் உப்பு அகப்பை. இடது கை கிண்ணத்தைப் பிடித்திருந்தது. கிண்ணம் முக்கால் நிறைந்திருந்தது.

எங்கள் பேட்டையில் உப்புப் பாத்திரத்தைக் காலியாக விடமாட்டோம். காலியாக விட்டால் வீடு வெறுமையாகும். காலையில் அடுப்பு மூட்டுமுன் என் கை தானாக உப்புச் சட்டிக்குப் போகும். தேவாலயத்தைத் தாண்டும்போது கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போடுகிறதே, அதுபோல. அதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை. பொட்டல அறைக்குப் போகும் வழியில்தான் தொட்டி. விளிம்பில் காலிக் கிண்ணம். பக்கத்தில் மூட்டை. தூக்கக் கலக்கத்தில் அதை நிரப்பிவைத்துவிட்டுப் போயிருக்கிறேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. நிறைந்திருந்தால் ஊற்று என்று சட்டம் போட்டவளும் நானே, தினமும் நிரப்பியவளும் நானே. அவர் வாசலில் வந்து நின்று கேட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அகப்பையை மூட்டையிலேயே போட்டுவிட்டுத் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒடம்பு சரியில்லையா?" என்றாள் மிர்த்தா.

"எல்லாரையும் கூப்பிடு," என்றேன்.

தோன் அர்னுல்போ காப்பிக் கோப்பையோடு வந்தார். அன்றைக்கு நின்ற அதே எட்டுப் பேரும் இருந்தார்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கிண்ணத்தைக் காட்டினேன், கையைக் காட்டினேன், வெள்ளிக்கிழமை அவர் கேட்டதையும் நான் எரிந்து விழுந்ததையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் தோன் அர்னுல்போ என் தோளைத் தட்டினார்.

"கொமாத்ரேன்னா இப்படியில்ல இருக்கணும்! எனக்கும் இருக்காளே ஒருத்தி, செத்தா பூ போடக்கூட வரமாட்டா."

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா?"

"பொய்னு யாரு சொன்னா? நல்ல மனசுன்னுதான் சொல்றேன். இருபத்திரெண்டு வருஷத்துல நீ ஒரு சிட்டிகை உப்பு கூடுதலாப் போட்டதுண்டா? உன் கை தராசு. போ, போய் வேலையப் பாரு."

"என்னை வேலைய விட்டு அனுப்புங்க. அவரைக் கூப்பிடுங்க."

"உன்னை அனுப்பிட்டுத் தண்ணிய யாரு பாக்குறது, என் பொண்டாட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள், என் பெருந்தன்மையை நினைத்து. ஆத்திரத்தில் கிண்ணத்தைத் தரையில் அடித்தேன். அதையும் துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நான் கோபத்தில் உளறிய பழியை ஒரே நொடியில் நம்பியவர்கள், நிதானமாகச் சொன்ன உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை.

அன்று சாயங்காலம் லிந்தேர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு சாக்கில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். கோடாலி சுவரில் சாய்ந்திருந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிப் படகில், மேலாற்றுக்கு மரம் வெட்டப் போகிறாராம். அந்தக் கூட்டத்தோடு போனவர்களில் கை கால் முழுசாகத் திரும்பியவர்களை எண்ணிவிடலாம். சொராய்தா எனக்கு ஸ்டூல்கூட எடுத்துப் போடவில்லை.

நின்றபடியே சொன்னேன். "கொம்பாத்ரே, கிண்ணத்தை நெறைச்சது நான்தான். எனக்கே தெரியாம நெறைச்சிருக்கேன்."

அவர் சாக்கின் வாயைக் கட்டினார். "தெரியும், கொமாத்ரே."

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. நீங்க திட்டும்போதே தெரிஞ்சுபோச்சு. கிண்ணத்துல உப்பு வைக்கிறது உங்களை விட்டா வேற யாரு? புள்ளி கொறையலைன்னு கூட்டி வைக்கிறீங்கன்னு நெனைச்சேன். வெள்ளிக்கிழமை கேட்டும் பாத்தேன்."

"அப்போ வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"அத்தனை பேரு முன்னாடி என் கொமாத்ரே மேல பழி சொல்லவா?"

சொராய்தா கையிலிருந்த இலைக்கட்டைக் கீழே போட்டாள். அவளுக்கு இது முதல் தடவையாகக் காதில் விழுகிறது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"தெரியுமா? உனக்குத் தெரியுமா?" என்று புருஷனைக் கேட்டாள். "என் கூடை அப்படியே திரும்பி வருது. புள்ளைய மத்த புள்ளைங்க ஆட்டத்துல சேக்க மாட்டேங்குதுங்க. நான் ராத்திரி முழுக்க எந்தப் பாவி வாசல்ல உப்பு தூவுனானோன்னு அழுதுட்டு இருக்கேன். நீ தெரிஞ்சுகிட்டே பேசாம இருந்தியா?"

லிந்தேர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன கொமாத்ரே, இங்க வந்து காதுல சொல்றீங்க? அன்னைக்குக் கத்தத் தெரிஞ்சுதுல்ல? அதே மாதிரி கத்துங்க!"

"இன்னைக்குக் காலையில கத்துனேன். யாரும் நம்பல."

"நம்புற மாதிரி சொல்லுங்க. இல்லேன்னா இந்தப் படி ஏறாதீங்க."

வீட்டுக்கு வந்து அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்புகிற மாதிரி சொல்வது. எங்கள் ஜனங்கள் எதை நம்புவார்கள்? கை மறந்துபோய் ஒரு வேலையைச் செய்தது என்றால் நம்ப மாட்டார்கள். தப்பு என்பதே அவர்களுக்குச் சப்பென்றிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு எதிரியும் வாசலும் உப்பும் இருந்தால்தான் காது கொடுப்பார்கள். அந்தத் தீனியை லிந்தேர் விஷயத்தில் கொடுத்தவள் நான்தான். காலையில் எழுந்தபோது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பயமாகத்தான் இருந்தது. மீனைத் தவிர எனக்கும் வேறு தொழில் தெரியாது.

சனிக்கிழமை காலை நனாய் ஆற்றுப் படகுத்துறையில் நல்ல கூட்டம். மேலாற்றுப் படகுகள் வந்து, மீன்பிடிகாரர்கள் அகலத் தட்டுகளையும் பேசின்களையும் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா மீன் வீட்டு ஆட்களும் அங்கேதான். மரக்காரர்களின் படகு கொஞ்சம் தள்ளி இயந்திரத்தை உறுமவிட்டுக்கொண்டு நின்றது. லிந்தேர் சாக்கைத் தோளில் போட்டுப் பலகையில் கால் வைத்திருந்தார். தோன் அர்னுல்போ வழக்கம்போல என்னைச் சரக்குப் பார்க்கக் கூட்டிவந்திருந்தார்.

படியின் நடுவில் நின்று முதலில் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்ப்போமே என்று. கிண்ணம், உப்பு, என் கை எல்லாம் சொன்னேன். தோன் காசிமிரோ யுயாரிமா, அறுபது வயது மீன்பிடிகாரர், அந்தத் துறையில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, இரக்கத்தோடு சிரித்தார்.

"புண்ணியவதிம்மா நீ. கொம்பாத்ரேக்காக இவ்வளவு பேசுறியே."

"புண்ணியவதி இல்ல!" என்று கத்தினேன். "சான் ஹுவான் திருநாள் காலையில என் வாசல்ல உப்பு கெடந்துச்சு. கறுப்புத் துணியில முடிஞ்சு, பிரிஞ்சு கெடந்துச்சு. தெரியாம மிதிச்சுட்டேன். வெளிய சொன்னா வேலை போயிடும்னு மறைச்சுட்டேன். அந்தக் காலோட வந்துதான் தொட்டியைத் தொட்டேன். செத்ததெல்லாம் என் கையால செத்துச்சு. அவன் கை தொட்டதாலதான் நானூறு மீனாவது பொழைச்சுது. ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து பொழைக்க வச்சவன் கையா உப்பேறின கை?"

என் வாசலில் உப்பு எதுவும் கிடக்கவில்லை. சான் ஹுவான் காலையில் என் வாசலில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றுதான் நின்றது.

காசிமிரோவின் சிரிப்பு மெல்ல மெல்லக் காணாமல் போனது. என் காலைப் பார்த்தார், அப்புறம் கையைப் பார்த்தார். ஒரு பெண் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு தன் பேசினை இழுத்து மடிக்குள் அணைத்துக்கொண்டாள். தோன் அர்னுல்போ என் பக்கத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கி நின்றார். என்னைத் தராசு என்று சொன்ன மனிதர், முகத்தைத் துடைக்கும் சாக்கில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருபத்திரெண்டு வருஷம்," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "எத்தனை தொட்டியில கைய வச்சாளோ."

நம்பிவிட்டார்கள். ஒரே ஒரு பொய்க்கு எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

லிந்தேர் பலகையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "கொமாத்ரே, என்ன பேசுறீங்க? இதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். நான் அவரை முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தெரியும், அது பொய் என்று. ஊர் முன்னால் கொமாத்ரேயைப் பொய்க்காரி என்று சொல்லவும் அவரால் முடியாது. மரக்காரர்களின் படகு இரண்டு முறை சங்கு ஊதியது. மூன்றாவது முறை ஊதிவிட்டு, அவர் இல்லாமலே கிளம்பிப் போயிற்று.

காசிமிரோ அவரைக் கூப்பிட்டார். "லிந்தேரு, இங்க வா. வந்து என் ஷிருயிங்களைப் பாரு. நேத்து வழியில கொஞ்சம் சோந்து போச்சுங்க."

அவருடைய பேசின் என் காலடியில்தான் இருந்தது. உள்ளே சின்ன ஷிருயிகள், முதுகில் கறுப்புக் கோடு, இரண்டு மூன்று மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின. பழக்க தோஷம், தண்ணீர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்கக் குனிந்து கையை நீட்டிவிட்டேன்.

காசிமிரோ பேசினை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தார். தண்ணீர் சிந்திப் படி நனைந்தது. அவர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. "மன்னிச்சுக்கம்மா," என்றுதான் சொன்னார். லிந்தேர் குந்தி உட்கார்ந்து தண்ணீருக்குள் விரலை விட்டார். எல்லோரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது இதைத்தான். இருந்தும் நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன்.